சாமான் அறையில் கிடந்த ‘குளவி’

அங் மோ கியோவில் பாட்டி இருந்த வீட்டைச் சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் காலி செய்தோம். பாட்டி எங்களுடன் ஈசூனுக்கு வந்துவிட்டார். 30 ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்த சாமான்களைப் பிரிக்கும் வேலை எனக்கும் அப்பாவுக்கும் வந்தது. சாமான் அறையின் மேல்தட்டில், தீபாவளி விளக்குச் சரங்களுக்குப் பின்னால், கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சிறிய பந்தயக் கார்.

“இது உன் பெரியப்பாவோடது. என்னைத் தொட விட்டதே இல்லை,” என்றார் அப்பா.

பெரியப்பா தேசிய சேவை முடித்து, செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1986இல் வாங்கிய கார் அது. டாமியா நிறுவனத்தின் ‘ஹார்னெட்’. தமிழில் சொன்னால் குளவி. அவரை அழைத்துக் கேட்டேன். “நீயே வச்சுக்கோம்மா. குப்பையில மட்டும் போட்டுடாத,” என்றார்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுமுறைக்குள் இதை ஓட வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. அதில் ஒரு தவற்றுக்கு இன்றுவரை திருத்தம் இல்லை.

பொம்மை அல்ல, பாடம்

கடையில் வாங்கியவுடன் ஓடும் ரிமோட் கார் வேறு, ஹார்னெட் போன்ற ஆர்சி கார் வேறு. இது பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். வாங்கியவரே ஒவ்வொரு திருகையும் முடுக்கி, மேலோட்டுக்கு வண்ணம் பூசி முடிக்க வேண்டும். கட்டத் தெரிந்தவருக்குப் பிரிக்கவும் தெரியும், பழுது பார்க்கவும் தெரியும். நாற்பது ஆண்டு கழிந்தும் இத்தகைய கார்களுக்கு உயிர் கொடுக்க முடிவது அதனால்தான்.

டாமியா 1946இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரில் ஒரு மர வணிக நிறுவனமாகத் தொடங்கியது. மர மாதிரிகள் செய்யப் போய், பிறகு பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. அதன் முதல் ஆர்சி கார் 1976இல் வந்த போர்ஷ 934. அதைத் துல்லியமாகச் செய்ய வேண்டும் என்பதற்காக, நிறுவனத்தை வழிநடத்திய ஷுன்சாகு டாமியா ஓர் உண்மையான போர்ஷ 911 காரையே வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். 

1979இல் மணலிலும் மேட்டிலும் ஓடும் கார்கள் வந்தன. அவற்றின் வழியில் 1983இல் ‘தவளை’, 1984இல் ‘வெட்டுக்கிளி’, அதே ஆண்டில் ‘குளவி’. வெட்டுக்கிளிக்கும் குளவிக்கும் அடிச்சட்டம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வெட்டுக்கிளியில் சிறிய 380 ரக மோட்டார், குளவியில் பெரிய 540 ரக மோட்டார். பின்பக்கத்தில் எண்ணெய் நிரப்பிய அதிர்வுத்தாங்கிகளும் உண்டு. எளிமை, உறுதி, வேகம் மூன்றும் சேர்ந்ததால் அக்கால இளையர் பலருக்கு இதுவே முதல் கார் ஆனது. ரசிகர்கள் விடாமல் கேட்டதில், 2004இல் டாமியா இதை மீண்டும் வெளியிட்டது. எனவே புதிய பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

பெட்டியின் அடியில் கட்டுமானக் கையேடு மடங்கிக் கிடந்தது. அதில் ஒவ்வொரு படிக்கும் தேவையான திருகை உண்மை அளவிலேயே வரைந்திருந்தார்கள். கையில் உள்ள திருகைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால் சரியானதா என்று தெரிந்துவிடும். மொழி தெரியாதவரும் தவறு செய்ய முடியாத வரைபடம் அது. எங்கள் கல்லூரிப் பாடக்குறிப்புகளைவிடத் தெளிவு என்று சொன்னால் விரிவுரையாளர் கோபிக்க மாட்டார் என நம்புகிறேன்.

பிரித்தபோது கண்டவை

முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு திருகுகளின் தலையைக் கெடுத்தேன். ஜப்பானியத் திருகின் கூட்டல்குறிப் பள்ளமும் நாம் வீட்டில் வைத்திருக்கும் திருப்புளியின் முனையும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வடிவத்தில் சிறு வேறுபாடு உண்டு. அழுத்தித் திருப்பினால் முனை வழுக்கிப் பள்ளத்தைத் தேய்த்துவிடும். ஜப்பானியத் தரத்துக்கான திருப்புளி ஒன்றை வாங்கிய பிறகு வேலை சுலபமானது.

அடுத்த சிக்கல் மின்கலம். பெரியப்பா கடைசியாக ஓட்டியபோது கழற்றாமல் விட்ட நிக்கல்-காட்மியம் மின்கலத் தொகுதி உள்ளேயே இருந்தது. முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இவ்வகை மின்கலத்தில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அது கசிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து பொடியாகிறது. காரத்தை அமிலம் சமன் செய்யும் என்பது உயர்நிலைப் பள்ளி வேதியியல். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, பஞ்சுக் குச்சியைச் சமையலறை வினிகரில் நனைத்துத் துடைத்தேன். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் மின்கலத்தை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தோம்.

பின் அதிர்வுத்தாங்கிகளில் எண்ணெய் இல்லை. உள்ளிருந்த ரப்பர் வளையங்கள் இறுகிப்போய், எண்ணெய் கசிந்து காய்ந்துவிட்டிருந்தது. டயர்களில் நகம் பட்ட இடமெல்லாம் வெடிப்பு. கியர் பெட்டியில் மசகு கெட்டியாகி மெழுகுபோல் ஆகியிருந்தது. ஆனால் பற்சக்கரங்களில் ஒரு பல்கூட உடையவில்லை. கழுவி, உலர்த்தி, புதிய மசகு தடவியதும் விரலால் சுற்றவே சுழன்றன.

மேலோட்டை மட்டும் கடைசியில் எடுத்தேன். பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தது அது. இதற்கு வண்ணத்தை வெளியே பூசுவதில்லை, உள்ளே பூசுவார்கள். வெளிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பாக நிற்கும். உள்ளே திருப்பிப் பார்த்தால் பெரியப்பாவின் தூரிகைக் கோடுகள் அப்படியே தெரிந்தன. ஓட்டுநர் பொம்மைக்கு மீசை வரைந்திருந்தார். மூக்குப் பகுதியில் ஒரு நீண்ட விரிசல். அதன் உள்பக்கம் கட்டம் போட்ட கைலித் துணியைப் பசையால் ஒட்டியிருந்தார். பார்க்க அசிங்கமாக இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சுத்தமாக ஒட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்று விநாடித் தவறு

மூக்கின் வெளிப்பக்கத்தில் பழைய எண் ஸ்டிக்கரின் பசை காய்ந்து பிசுபிசுத்தது. சோப்பு நீரில் போகவில்லை. மேசையில் நகப்பூச்சு நீக்கி இருந்தது. பஞ்சில் எடுத்து ஒரு துடை துடைத்தேன்.

பசை போனது. கூடவே பளபளப்பும் போனது. துடைத்த இடம் மூடுபனி படர்ந்ததுபோல் வெளுத்தது. அதற்குள் மயிரிழைபோல் வெடிப்புகள் ஓடின. பதறிப்போய் நீரில் கழுவினேன். மெருகுப் பசை போட்டுத் தேய்த்தேன். எதற்கும் மாறவில்லை.

அந்த நீக்கியில் இருந்தது அசிட்டோன். அது பாலிகார்பனேட்டைத் தாக்கும். ஏற்கெனவே வளைந்து இழுவிசையில் இருக்கும் இடங்களில் வெடிப்பையும் உண்டாக்கும். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. பொருளறிவியல் பாடத்தில் படித்து, தேர்விலும் எழுதியிருந்தேன். மேசையில் உட்கார்ந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் போதும்.

ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. புதிய மேலோடு ஒன்றை வாங்கி, அதே நிறத்தைப் பூசி, பெரியப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். தூரிகைக் கோடுகள்தான் தடுத்தன. அவற்றைக் கடையில் வாங்க முடியாது.

பெரியப்பா வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸுக்குப் போனேன். மேலோட்டை அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் அதை விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியம்மா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“எதப் போட்டுத் துடைச்சம்மா?”

“நெயில் பாலிஷ் ரிமூவர், பெரியப்பா.”

“ம்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. இல்லன்னு சொன்னா பொய்.”

நான் தலைகுனிந்தேன். அவர் மேலோட்டைக் கவிழ்த்து, கைலித் துணி ஒட்டிய இடத்தை விரலால் தடவினார்.

“இது எப்படி வந்துச்சுன்னு உங்கப்பா சொன்னானா?”

“இல்லையே. தொட விட்டதே இல்லைன்னுதான் சொன்னாங்க.”

பெரியப்பா சிரித்தார். “நான் வேலைக்குப் போன நேரமாப் பாத்து எடுத்துக்கிட்டுப் போய், கீழ்த்தளத் தூண்ல இடிச்சுட்டான். அப்ப அவனுக்குப் பதிமூணு வயசு. ரெண்டு மாசம் அவன்கூட நான் பேசல. புது மேலோடு வாங்கக் காசும் இல்ல. என் கைலியக் கிழிச்சு ஒட்டினேன். அதுக்கப்புறமும் ஓடுச்சு.”

பிறகு கேட்டார்: “நீ சொல்லு, மோட்டார் சுத்துதா?”

வீட்டுக்கு வந்து என் குறிப்பேட்டில் ஒரு வரியை அடித்தேன். கைலித் துணி இருந்த இடத்திலேயே இருக்கும்.

மாற்றலாம், ஆனால் மீட்க முடிய வேண்டும்

பழைய ஆர்சி கார்களைச் சீரமைப்போரில் இரு தரப்பு உண்டு. ஒரு தரப்புக்கு எல்லாமே அக்காலத்து அசல் பாகமாக இருக்க வேண்டும், கார் அலமாரியில் இருக்கும். இன்னொரு தரப்புக்குக் கார் ஓட வேண்டும், அதற்காக எதையும் மாற்றலாம். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். நான் செய்யும் எந்த மாற்றத்தையும் நாளை ஒருவர் கழற்றி, காரை 1986இல் இருந்தபடி ஆக்க முடிய வேண்டும். அரும்பொருளகங்களில் பழம்பொருள்களைப் பேணுவோரும் கடைப்பிடிக்கும் கொள்கை இதுதான் என்று பின்னர் படித்தறிந்தேன். அசிட்டோன் சொல்லித் தந்த விதி என்றும் சொல்லலாம்.

முதல் மாற்றம் வேகக் கட்டுப்பாடு. அசல் காரில் ஒரு சிறு மோட்டார் கரம், உலோகத் தொடுமுனைகளின்மேல் நகர்ந்து மின்சாரத்தை ஒரு மின்தடை வழியாக அனுப்பும். 7.2 வோல்ட் மின்கலத்தில் பாதி அழுத்தம் மட்டும் மோட்டாருக்குப் போனால், மீதிப் பாதி மின்தடையில் வெப்பமாக வீணாகும். மெதுவாகப் போனாலும் மின்கலம் தீரும், தடையும் கொதிக்கும். இக்காலத்து மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரத்துக்கும் அதிகமான முறை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கிறது. நிறுத்தும் நேரம் கூடினால் வேகம் குறையும். வெப்ப இழப்பு மிகக் குறைவு.

அந்தக் கருவியைப் பொருத்த அடிச்சட்டத்தில் துளையிடலாம். நான் இடவில்லை. பழைய கருவியைக் கழற்றிய இடத்தில் இருந்த திருகுத் துளைகளை வெர்னியர் காலிப்பரால் அளந்து, கணினியில் ஒரு சிறு தட்டு வரைந்து, கல்லூரியின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டேன். முதல் தட்டு அரை மில்லிமீட்டர் பிசகியது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. பொதுவாகப் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். வெயிலில் ஓடும் காருக்கு அது ஆகாது. சுமார் 80 டிகிரி வரை தாங்கும் பிஇடிஜியைப் பயன்படுத்தினேன்.

இரண்டாவது, வானொலி. பெரியப்பாவின் கருவி 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. எந்த அலைவரிசை என்பதை ஒரு சிறு படிகம் தீர்மானிக்கும். ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் கார் மற்றவர் பேச்சைக் கேட்கும். அதனால் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என அலைவரிசைக்கு ஒரு நிறம் வைத்திருந்தார்கள். பெரியப்பாவின் படிகம் மஞ்சள். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி தன் காரை மட்டும் அடையாளம் கண்டு பேசும். பழைய கருவியையும் மஞ்சள் படிகத்தையும் பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

மூன்றாவது, சக்கர அச்சுகளில் இருந்த சாதாரண வளையங்களுக்குப் பதில் குண்டுத் தாங்கிகள், அதாவது பேரிங். உராய்வு குறைந்து சக்கரம் தாராளமாகச் சுழன்றது. செலவு குறைவு, பலன் அதிகம்.

மின்கலத்துக்கு லித்தியம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதன் கூர்மூலைப் பெட்டி இந்தப் பழைய அடிச்சட்டத்தின் வளைந்த குழிக்குள் பொருந்தாது. அதற்காக அடிச்சட்டத்தைச் செதுக்க எனக்கு மனமில்லை. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் அப்படியே உள்ளே நுழைந்தது.

மாற்றாமல் விட்டவையும் உண்டு. வெள்ளை அடிச்சட்டம் காலத்தால் மஞ்சளித்திருந்தது. அதை வெளுப்பாக்க வழிகள் உள்ளன. ஆனால் மஞ்சள் நிறத்தால் ஓட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. அது வந்த வழியிலேயே இருக்கட்டும்.

ஓட்டத்துக்கு மறுவெளியீட்டு மேலோடு ஒன்றை வாங்கி, நானே உள்பக்கம் வண்ணம் பூசினேன். சிறு விவரங்களை முதலில் பூசி, பின்னணி நிறத்தைக் கடைசியில் பூச வேண்டும். எல்லாம் தலைகீழ். பெரியப்பாவின் மேலோடு, வெளுத்த மூக்குடன், என் அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் அந்த வெள்ளைத் தடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

திருப்புளி, மின்கலம், கட்டுப்பாட்டுக் கருவிகள், டயர், மேலோடு என எல்லாம் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 240 வெள்ளி ஆனது. பகுதிநேர வேலையில் சேர்த்த பணம்.

திடலில் ஒரு காலை

ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, எங்கள் வட்டாரத் திடலில் ஆள் வருவதற்கு முன்பே போய்விட்டோம். பெரியப்பா, அப்பா, நான். மின்கலத்தை இணைத்து, காரைக் கீழே வைத்து, விசையை மெல்ல இழுத்தேன். மோட்டார் முனகியது. குளவி ஒரு துள்ளு துள்ளிப் புல்லின்மேல் பாய்ந்தது. ஹார்னெட்டின் பின்பகுதி மேடு பள்ளத்தில் குதித்துக்கொண்டே ஓடும். அதன் வடிவமைப்பு அப்படி. “ஆமா, இப்படித்தான் குதிக்கும்!” என்றார் பெரியப்பா, நான் ஏதோ தவறாகப் பூட்டிவிட்டேனோ என்று பயந்த அந்த நொடியில்.

அவரிடம் கருவியைக் கொடுத்தேன். முதல் திருப்பத்தில் தடுமாறினார், இரண்டாவதில் இல்லை. பத்து நிமிடம் ஓட்டியபின், பக்கத்தில் கைகட்டி நின்ற அப்பாவிடம் கருவியை நீட்டினார். அப்பா வாங்கத் தயங்கினார்.

“பிடிடா. இங்க தூண் ஒண்ணும் இல்ல,” என்றார் பெரியப்பா.

தொடங்க நினைப்போருக்கு

• பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள். திருகுகளைப் படிவாரியாகச் சிறு பைகளில் போட்டு எண் எழுதுங்கள்.

• ஜப்பானிய கார் என்றால் ஜப்பானியத் தரத் திருப்புளியை முதலில் வாங்குங்கள்.

• பிளாஸ்டிக்கில் திருகை மீண்டும் பொருத்தும்போது, முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ‘டக்’ என்று இறங்கும் இடத்தில் நிறுத்தி, அதன்பின் முடுக்குங்கள். பழைய மரையிலேயே திருகு ஏறும், துளை கெடாது.

• எந்தத் திரவத்தையும் தொடுவதற்கு முன் இரண்டு கேள்வி: பாகம் என்ன பிளாஸ்டிக்? திரவத்தில் என்ன இருக்கிறது? பிறகு மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள்.

• எந்த மின்கலமானாலும் ஆள் இல்லாத நேரத்தில் மின்னேற்ற வேண்டாம். ஓட்டி முடித்ததும் காரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

• வாகனம், குழந்தைகள், முதியோர் நடமாடும் இடங்களில் ஓட்டாதீர்கள்.

• கார் வேறொருவருடையது என்றால், வேலையைத் தொடங்குவதற்கு முன் அவருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அழுக்கு என்று நீங்கள் நினைப்பது அவருக்கு அழுக்காக இல்லாமல் இருக்கலாம்.